ஏரி பார்த்த கடைசிக் குழி

உலக வரலாற்றில் தாய்மண்ணைத் துறந்து புறப்பட்ட ஒவ்வொரு கூட்டமும் ஏதோ ஒரு மகத்தான இலட்சியத்துக்காகவே புறப்பட்டது. சிலர் வழிபாட்டுச் சுதந்திரம் தேடிக் கடல் கடந்தார்கள். சிலர் பஞ்சத்துக்கும் வாளுக்கும் தப்பி மலை தாண்டினார்கள். அமெரிக்காவை விட்டு மெக்சிகோவின் சாந்தா ஒலாயா என்ற ஏரிக்கரை ஊரில் வந்து குடியிருக்கும் நாங்கள் நூற்று எண்பத்திரண்டு பேரும் அந்த மாபெரும் வரிசையில் வருகிறவர்கள்தான். நாங்கள் முழங்கால் வலிக்காக வந்தோம்.

இந்த ஊரின் வெயில் முழங்காலுக்கு நல்லது என்று, ஓய்வு பெற்றவர்களுக்கான ஏதோ ஒரு பத்திரிகையில் போட்டிருந்தார்கள். எல்லோரும் அதே பத்திரிகையைத்தான் படித்திருக்கிறோம். ஆனால் ஏரிக்கரை அமெரிக்கர் பேரவையின் கட்டடத்துக்குள் முழங்காலைப் பற்றிப் பேசக் கூடாது. 'ஆன்மாவின் அழைப்பு' என்றுதான் சொல்ல வேண்டும். நான் பேரவையின் செயலாளர். பெயர் மெர்ல் ஸ்டாட்டர். நெப்ராஸ்காவில் முப்பது வருடம் கூரைத் தகரம் விற்றவன். பதினோரு வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுவது நான்தான். 'ஆன்மாவின் அழைப்பு' என்று இதுவரை நானூறு தடவையாவது எழுதியிருப்பேன்.

எங்கள் தலைவர் கர்னல் தோர்ன். ராணுவத்தில் சட்டைப் பொத்தான் கொள்முதல் பிரிவில் இருந்தவர். புதிதாக வருகிறவர்களை வரவேற்று அவர் ஆற்றும் உரை மாறாதது.

"நம்மளக் குடியேறிகள்னு யாராவது சொன்னா அங்கேயே நிறுத்தித் திருத்துங்க. குடியேறி வேலை தேடி வர்றவன். நாம எந்த வேலையும் செய்யாம இருக்கறதுக்குன்னே வந்தவங்க. குடியேறி வந்த ஊர்லயே கரைஞ்சு போயிடுவான். நாம இருபத்தாறு வருஷமா ஒரு சொட்டுக்கூடக் கரையல. நம்ம நாட்டுக்கு வர்றவங்க நம்ம பாஷையக் கத்துக்க மாட்டேங்கறாங்களேன்னுதான் எனக்கு வருத்தம். நெஞ்சே வலிக்குது. சரி, யாராச்சும் அந்த வெயிட்டர்கிட்ட எனக்கு ஐஸ் வேணும்னு சொல்லுங்களேன். எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியாது."

கைதட்டல் அடங்க இரண்டு நிமிடமாகும்.

கரைய மாட்டோம் என்றாலும், எங்களுக்கு ஒரு ஆசை உண்டு. இந்த ஊரில் மதிப்புக்குரிய ஆண்களைப் பெயருக்கு முன்னால் 'தோன்' என்று சேர்த்துக் கூப்பிடுவார்கள். பெண்ணென்றால் 'தோன்யா'. சட்டம் எதுவும் கிடையாது. வயது, குணம், நல்லது கெட்டதுக்கு வந்து நின்றது எல்லாம் சேர்ந்து, ஒரு நாள் யாரோ ஒருவர் வாயில் தானாக வரும். தானாக வருகிற ஒன்றைப் பேரவை எப்படிச் சும்மா விடும்? பதிவேடு திறந்தோம்.

தோன் பதிவேட்டின் விதிகள் ஒன்பது பக்கம். முக்கியமானவை சில. கூப்பிடுகிறவர் இந்த மண்ணில் பிறந்த உயிராக இருக்க வேண்டும். உறுப்பினரின் வீட்டு வேலைக்காரராகவோ தோட்டக்காரராகவோ இருக்கக் கூடாது. முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்தில் அவருக்கு டிப்ஸோ வேறு அன்பளிப்போ கொடுத்திருக்கக் கூடாது. இரண்டு உறுப்பினர்கள் காதால் கேட்டிருக்க வேண்டும். காது மிஷின் வைத்தவர்கள் அப்போது அதைப் போட்டிருந்ததாக எழுதிக் கொடுக்க வேண்டும். இப்படி மூன்று முறை பதிவானால் அவர் முழு உறுப்பினர்.

முழு உறுப்பினருக்கு ஒரே ஒரு சலுகைதான். ஊர்க் கல்லறையில், மேட்டின் மேல், ஏரியைப் பார்த்த மாதிரி, பேரவை முன்னோர்கள் வாங்கிப் போட்ட வரிசையில் ஓர் இடம். மொத்தம் பதினான்கு இடம். பதின்மூன்றில் ஆள் இருந்தது.

சென்ற மார்ச் மாதக் கூட்டத்தில் கர்னல் அறிவித்தார்: "ஒண்ணுதான் மிச்சம். இந்த மண்ணுக்கே தன்னைக் கொடுத்துட்ட ஒருத்தருக்குத்தான் அது போகணும். என்னைக் கேக்காதீங்க. நான் ஒரு கம்பெனியில திட்டம் போட்டு வெச்சிருக்கேன். செத்த அன்னிக்கே டெக்ஸஸுக்குப் பெட்டியோட பறந்துருவேன். ஜன்னலோரம் கிடைக்குமான்னு கேட்டிருக்கேன்."

மற்ற முழு உறுப்பினர்கள் நான்கு பேரும் அதே கம்பெனியில் திட்டம் போட்டிருந்தார்கள். ஆகவே குழி திறந்த போட்டிக்கு வந்தது.

அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர் எல்டன் க்ரூகர். ஒஹாயோவின் டோலிடோ நகரத்தில் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவர். வயது அறுபத்தெட்டு. எதைப் பார்த்தாலும் எத்தனை பேரைத் தாங்கும் என்று யோசிக்கும் முகம். கூட்டம் முடிந்ததும் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"மெர்ல், எனக்கு எத்தனை தோன் இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"வெய்னுக்கு?"

"ரெண்டு."

வெய்ன் டாலி, எல்டனின் பக்கத்து வீட்டுக்காரர். அரிஸோனாவில் கார்ப்பெட் கடை வைத்திருந்தவர். எல்டனைவிட ஆறு வாரம் முன்னால் இந்த ஊருக்கு வந்தவர். அந்த ஆறு வாரத்தை அவர் ஒரு நூற்றாண்டு மாதிரி நடத்தினார். "அப்பல்லாம் இந்தத் தெருவே வேற மாதிரி இருக்கும்" என்பார். நடுச்சுவருக்கு மேல் தலையை நீட்டி, தினமும் ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்.

"எல்டன்! இன்னிக்குக் காலைல முடி வெட்டற கடையில என்னை என்னன்னு கூப்பிட்டாங்க, சொல்லு பாப்போம்?"

"தெரியல வெய்ன்."

"நீயே வந்து கேட்டிருக்கலாம். ஆனா உன்னைப் பாத்தா அவங்க டூரிஸ்ட் ரேட்ல வெட்டிருவாங்க."

எல்டனுக்குக் குழி ஏன் வேண்டும் என்பதை அன்று என்னிடம் சொன்னார். டோலிடோவில் வழியனுப்பு விருந்து. நாற்பது பேர் இருந்தார்கள். மகள் பெத், கேக் வெட்டும் நேரத்தில், "அப்பா, நெஞ்சு லேசா வலிச்சாலே திரும்பி வந்துருவீங்க. எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க" என்றிருக்கிறாள். இவர் கேக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, "நான் அங்கதான் சாவேன்" என்று நாற்பது பேர் முன்னால் சபதம் செய்துவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பெத் போன் செய்வாள். நலம் விசாரித்த பிறகு கடைசியில் சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பாள்: "இடம் பாத்தாச்சாப்பா?"

"நான் ஜெயிக்கணும்னுகூட இல்ல மெர்ல்," என்றார் எல்டன். "வெய்ன் அந்தக் குழியில படுத்துக்கிட்டு ஏரியைப் பாக்கறதை மட்டும் என்னால பாக்க முடியாது."

செத்தவர் எதையும் பார்க்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. பேரவை அந்த விஷயத்தில் இன்னும் தீர்மானம் எதுவும் நிறைவேற்றவில்லை.

ஏப்ரலில் எல்டன் ஒரு வைக்கோல் தொப்பி வாங்கினார். தோன் என்று கூப்பிடப்படுகிற ஊர்ப் பெரியவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று இரண்டு நாள் கவனித்து, கைகளைப் பின்னால் கட்டி, ஒவ்வொரு கடை முன்னாலும் நின்று நின்று, மெதுவாக நடக்கப் பழகினார். தேவாலயத்துக்கு எதிரே சதுக்கத்தில் ஒரு பெஞ்சில் காலை ஒன்பதுக்கு உட்காருவார். அடுத்த பெஞ்சில் சாட்சிகளாக நானும், பேரவையின் நூலகப் பொறுப்பாளர் கிளாடிஸ் பெல்லோஸ் அம்மாளும், நோட்டும் பேனாவுமாக.

மூன்றாம் நாள் ஷூ பாலிஷ் போடுகிறவர் எல்டனிடம் வந்து குனிந்து, காலைப் பார்த்துவிட்டு, "பாலிஷ் போடட்டுங்களா, தம்பி?" என்றார்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இங்கே கடைக்காரர்கள் வயதானவர்களை மரியாதைக்காகத் தம்பி என்பது வழக்கம்தான். ஆனால் அறுபத்தெட்டு வயதில், சாட்சிகள் முன்னிலையில், அதைக் கேட்பது வேறு.

"எழுதிக்கட்டுமா?" என்றாள் கிளாடிஸ்.

"எழுதாதீங்க" என்றார் எல்டன்.

விதிப்படி எழுதித்தான் ஆக வேண்டும். எழுதினோம். அடுத்த கூட்டத்தில் 'தம்பி' என்பது பூஜ்யமா, கழிக்க வேண்டிய ஒன்றா என்று ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. கழிக்க வேண்டும் என்று வெய்ன் பேசினார். தான் ஒருமுறைகூடத் தம்பி என்று அழைக்கப்பட்டதில்லை என்று கையை உயர்த்திச் சத்தியம் செய்தார். கடைசியில் இது துணைக்குழுவுக்குப் போனது. முடி வெட்டுகிறவர் எல்டனைத் 'தலைவரே' என்றதும் அதே துணைக்குழுவுக்குப் போனது. பெட்ரோல் போடுகிறவர் 'வெள்ளைக்காரரே' என்றது போகவில்லை. அது உண்மை விவரம் என்று கர்னல் தீர்ப்பளித்தார்.

இதற்கிடையில் எல்டனின் மனைவி நோரீன் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மே மாதத்தில் ஒரு நாள், சந்தைக்குள்ளும் முயற்சி செய்து பார்ப்போம் என்று எல்டன் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். காய்கறி வரிசையில் நுழைந்ததும் ஒரு குரல் கணீரென்று வந்தது.

"தோன்யா நோரா! அந்தப் பெரிய இலையை எனக்கு எடுத்து வைங்க!"

பின்னாலேயே மீன்காரன்: "தோன்யா நோரா, மூட்டு வலி தேவலையா?"

பூக்காரி, கறிக்கடைக்காரன், ஐஸ் வண்டிக்காரன் என்று வரிசையாக. ரெமெதியோஸ் என்ற பெண்மணியின் கடையில், தக்காளிக் கூடைகளுக்கும் சப்பாத்திக் கள்ளி இலைக் குவியலுக்கும் நடுவில், முக்காலி போட்டு நோரீன் உட்கார்ந்திருந்தாள். மடியில் பழைய துணி. கையில் கத்தி. கள்ளி இலையிலிருந்து முள்ளைச் சீவிச் சீவித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கிளாடிஸ் எண்ணிக்கொண்டே எழுதினாள். பத்து நிமிடத்தில் பதினேழு ஆயிற்று. பேனாவில் மை தீர்ந்து என்னுடையதைக் கடன் வாங்கினாள். அந்தப் பதினேழில் ஒன்றாவது எனக்குக் கிடைத்திருந்தால் என்ன குறைந்துவிடும் என்று ஒரு கணம் தோன்றியது. செயலாளருக்கு இப்படித் தோன்றக் கூடாது. தோன்றியது.

எல்டன் முகம் அவருடைய தொப்பி நிறத்துக்கு வந்திருந்தது.

"எத்தனை நாளா இது?" என்றார் மனைவியிடம்.

"எது? முள்ளு எடுக்கறதா? வந்த பதினோராம் நாள்லேர்ந்து. வீட்ல கை சும்மா இருக்கு எல்டன். நீதான் பேரவைக்குப் போயிடறியே."

"நான் முள்ளைச் சொல்லல. அந்தப் பேரு."

"எந்தப் பேரு?"

"தோன்யா."

"ஓ, அதுவா." அவள் அடுத்த இலையை எடுத்தாள். "நான் கவனிக்கல."

அந்த 'கவனிக்கல'தான் எல்டனைக் கொன்றது. பதினேழு தடவை கூப்பிட்டதைக்கூடப் பொறுத்திருப்பார்.

விஷயம் பேரவைக்கு வந்தது. பதிவேட்டில் பெண்களுக்கான பத்தியே கிடையாது என்பது அன்றுதான் தெரிந்தது. கர்னல் எழுந்தார்.

"நோரீன் மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனா கொஞ்சம் யோசிங்க. அந்தப் பட்டத்தை அவங்க எப்படி வாங்கினாங்க? அந்த ஜனங்களோட போய் உக்காந்து. அவங்க பாஷையில பேசி. அவங்க வேலையைச் செஞ்சு. இது குறுக்கு வழி இல்லையா? எல்லாரும் இப்படி ஆரம்பிச்சா அப்புறம் பேரவை எதுக்கு?"

கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. குறிப்பில் 'பலத்த ஆமோதிப்பு' என்று எழுதினேன்.

அன்று நான் எல்டன் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் தாங்க முடியாமல் மனைவியிடம் கேட்டுவிட்டார்.

"நோரீன், அந்த ரெமெதியோஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். என்னையும் ஒரு தடவை... மூணு தடவை."

"கேட்டு வாங்கினா அது எப்படி மரியாதையாகும்?"

"உனக்கு நாப்பது அம்பது இருக்கு. எனக்கு மூணு போதும்!"

"அதென்ன துணிக்கடைத் தள்ளுபடியா, உனக்குப் பிரிச்சுக் குடுக்க? வா, நாளைக்கு என்கூட உக்காரு. இலைக்கு நூறு முள்ளு இருக்கு. நிதானமா எடுக்கணும்."

உட்கார்ந்தார். லிஃப்ட் பரிசோதகர் அல்லவா, ஒவ்வொரு முள்ளையும் தனித்தனியாக ஆராய்ந்தார். ரெமெதியோஸ் நாற்பது இலை முடிக்கும் நேரத்தில் அவர் ஒன்றை முடித்தார். அந்த ஒன்றின் முள் அத்தனையும் அவர் விரல்களில் இருந்தது. நோரீன் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு இடுக்கியால் பிடுங்க, ரெமெதியோஸ் எலுமிச்சை தடவினாள். சந்தையே கூடி நின்று ஆலோசனை சொன்னது.

"யாரு இவரு?" என்று ஐஸ் வண்டிக்காரன் கேட்டான்.

"தோன்யா நோராவோட வீட்டுக்காரரு" என்றாள் ரெமெதியோஸ்.

நானும் கிளாடிஸும் ஒருவரையொருவர் பார்த்தோம். எல்டன் வலியையும் மறந்து, "கேட்டீங்களா? எழுதுங்க! எழுதுங்க!" என்று முள் குத்திய கையை ஆட்டினார்.

துணைக்குழு மூன்று முறை கூடியது. அழைக்கப்பட்டவர் எல்டன்தான், ஆனால் மரியாதை வேறொருவருடையது. எனவே அரைப் பதிவு வழங்கலாம் என்று முடிவாயிற்று. பதிவேட்டின் வரலாற்றிலேயே முதல் அரை அது. வெய்ன் அன்று இரவு தூங்கவில்லை என்று அவருடைய வீட்டுக் காவலாளி சொன்னான்.

செப்டம்பரில் வெய்ன் மூன்றாவது பதிவுக்கு மனுக் கொடுத்தார். சதுக்கத்து ஜூஸ் கடையில் பப்பாளி ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தபோது, முதுகுப் பக்கமிருந்து "தோன் வெய்ன்!" என்று உள்ளூர்க் குரலில் ஸ்பஷ்டமாக ஒரு அழைப்பு. சாட்சிகள் இரண்டு பேர். காது மிஷின் போட்டிருந்ததற்கு எழுத்து மூலம் உறுதி. எல்லாம் கச்சிதம்.

எல்டனுக்குச் சந்தேகம். மறுநாளே அந்தக் கடைக்குப் போய் உட்கார்ந்தார். கூட்டத்துக்கு ஒரு காகிதப் பையோடு வந்து, மேஜை மேல் கவிழ்த்தார். சூரியகாந்தி விதைத் தோல்.

"தலைவர் அவர்களே, கூப்பிட்டது ஆள் இல்ல. கிளி. கடைக்காரரோட கிளி. வெய்ன் ஆறு வாரமா தினம் ரெண்டு வேளை போய் விதை போட்டுச் சொல்லிக் குடுத்திருக்கார்."

அவையில் சலசலப்பு. வெய்ன் எழுந்தார். கொஞ்சமும் அசரவில்லை.

"விதியைப் படிங்க மெர்ல். கூப்பிடறவர் எப்படி இருக்கணும்?"

படித்தேன். "இந்த மண்ணில் பிறந்த உயிராக."

"உயிர்! மனுசன்னு போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. கர்னல் தாடையைத் தடவினார். "கிளி எங்க பொறந்துச்சு?"

ஜூஸ் கடைக்காரரிடம் ஆள் போயிற்று. கடையின் பின்புற மாமரத்திலேயே பிறந்தது, அதன் தாயும் இங்கேதான் என்று எழுதி வாங்கி வந்தார்கள். பரம்பரை உள்ளூர். பேரவையில் அத்தனை ஆழமாக வேர் விட்டவர் ஒருவரும் இல்லை. கிளியின் உச்சரிப்பு எங்கள் எல்லோருடையதையும்விடச் சுத்தம் என்று கிளாடிஸ் பொறாமையோடு குறிப்பிட்டாள். ஏறக்குறைய வெய்ன் ஜெயித்துவிட்டார். அப்போது எல்டன் ஒரு விதைத் தோலை உயரத் தூக்கிப் பிடித்தார்.

"இருபத்துநாலு மணி நேரம்! டிப்ஸ்!"

மனு தள்ளுபடி ஆயிற்று. கிளிக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

இரண்டுக்கும் அரைக்கும் இடையில் போட்டி இழுத்துக்கொண்டே போனால் யாராவது ஒருவர் முடிவுக்கு முன்பே செத்துச் சிக்கலை உண்டாக்கிவிடுவார் என்று கர்னல் பயந்தார். எனவே அவசரத் தீர்மானம் ஒன்று கொண்டு வந்தார். நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்கள் நாள். ஊர் முழுக்கக் கல்லறையில் இருக்கும். பேரவையும் வருடா வருடம் பதின்மூன்று கற்களுக்கும் செண்டுமல்லி மாலை போட்டு, தேசிய கீதம் பாடி, ஒவ்வொருவரையும் பற்றி இரண்டு வரி பேசும். அன்றைக்குக் காலை எல்டனும் வெய்னும் காலி இடத்தின் இரண்டு பக்கமும் நிற்பார்கள். யாரை முதலில் யாராவது தோன் என்று கூப்பிடுகிறார்களோ, குழி அவருக்கு. பழைய கணக்கு அத்தனையும் ரத்து.

முந்தின ஞாயிறு பெத்தின் போன் வந்தபோது, "செவ்வாய்க்கிழமை சொல்றேன்" என்றாராம் எல்டன்.

அன்று காலை கல்லறை மேட்டில் நிற்க இடமில்லை. குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, இறந்தவருக்குப் பிடித்த சாப்பாட்டைக் கல் மேல் வைத்துவிட்டுத் தாங்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் வாத்தியக் கோஷ்டி. எங்கள் வரிசையில் மட்டும் மடக்கு நாற்காலி. வெய்ன் புதுச் சட்டை, புதுப் பூட்ஸ். எல்டன் அதே வைக்கோல் தொப்பி, கை பின்னால். நடுவில் ஆறடிப் புல்.

ஒரு மணி நேரம் போயிற்று. ஊரே அவர்களைத் தாண்டிப் போயிற்று. புன்னகை செய்தார்கள், தலையாட்டினார்கள், ஒருவர் இருவருக்கும் ரொட்டிகூடக் கொடுத்தார். கூப்பிடத்தான் இல்லை. வெய்ன் வாய்க்குள்ளேயே தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார், யாருக்காவது நினைவு வரட்டும் என்று.

"தோன்!" என்று ஒரு குரல்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "நான்தான்!" என்று கையைத் தூக்கினார்கள்.

"தோன் சிப்ரியானோ! இங்க தண்ணி வரல!"

கல்லறைக் காவலர் சிப்ரியானோ மண்வெட்டியோடு எங்களை நோக்கி வந்தார். இருவரையும் பார்த்துத் தலைக்குல்லாவைத் தொட்டு ஏதோ சொன்னார். யாருக்கும் புரியவில்லை. கர்னல் என்னைப் பார்த்தார். நான் கிளாடிஸைப் பார்த்தேன். கடைசியில், மேட்டுக்குக் கீழே ரெமெதியோஸின் குடும்பத்தோடு பாயில் உட்கார்ந்து, வாழையிலையில் வேகவைத்த சோள மாவுக் கொழுக்கட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்த நோரீனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்றார். அந்தப் புல்லுக்கு அடியில தண்ணிக் குழாய் வால்வு இருக்காம்."

"எந்தப் புல்லுக்கு?" என்றார் கர்னல்.

சிப்ரியானோ மண்வெட்டியால் காட்டினார். கடைசிக் குழியைத்தான்.

"அப்படி இருக்க முடியாது" என்றார் கர்னல். "இது பேரவைக்குச் சொந்தமான இடம். இந்தப் பதின்மூணு மாதிரியே. கேளும்மா அவரை."

நோரீன் கேட்டாள். சிப்ரியானோ தலைக்குல்லாவைக் கழற்றி, கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டு, நெடுநேரம் பேசினார். நோரீன் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி வந்தாள்.

"இங்க எடம் ஏழு வருஷத்துக்குத்தான் குடுப்பாங்களாம். அப்புறம் புதுப்பிக்கணும். ஊர் ஆபீஸ்லேர்ந்து கடுதாசி போட்டாங்களாம். ஸ்பானிஷ்ல."

ஸ்பானிஷில் வரும் கடிதங்களை நாங்கள் நூலகத்தின் கீழ் அலமாரியில் அடுக்கி வைப்பது வழக்கம். அங்கே ஒரு கட்டு இருக்கிறது. கிளாடிஸ் தரையைப் பார்த்தாள்.

"அப்போ இவங்க?" கர்னல் பதின்மூன்று கற்களையும் காட்டினார். "இவங்க இங்கதானே இருக்காங்க?"

"இருந்தாங்களாம்" என்றாள் நோரீன். "இப்ப அந்த மண்வெட்டிக் கொட்டாய்க்குப் பக்கத்துல, பொது அறையில, பெட்டி பெட்டியா பத்திரமா வெச்சிருக்காராம். கல்லுக்குக் கீழ இப்ப இருக்கறது வேற ஆளுங்க. அவங்க பக்கத்து ஊர்க்காரங்களாம்."

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

சிப்ரியானோவுக்கு இது புரிந்திருக்க வேண்டும். நேராகக் கர்னலைப் பார்த்துச் சொன்னார். நோரீன் கொஞ்சம் தயங்கித்தான் மொழிபெயர்த்தாள்.

"வருஷா வருஷம் பூ வெச்சு, கொடி புடிச்சு, நின்னு பாடறீங்க. சில பேரு அழறீங்க. முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டாராம்."

கர்னல் உடனே ஒரு தீர்மானம் கொண்டு வந்தார்: இப்போது கேட்டதைக் குறிப்பில் சேர்ப்பதில்லை. ஒருமனதாக நிறைவேறியது. அதையும் குறிப்பில் சேர்ப்பதில்லை என்று இன்னொன்று.

எல்டன் மட்டும் கையைத் தூக்கவில்லை. வால்வு மேல் நின்றபடி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெத்கிட்ட நான் என்னன்னு சொல்வேன்?" என்றார், யாரையும் பார்க்காமல்.

மேலே என்ன கூட்டம் என்று பார்க்க ரெமெதியோஸ் வந்தாள். நோரீன் விவரம் சொன்னாள். அவள் கேட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து, கீழே தன் குடும்பக் கல்லறையைப் பார்த்தாள். பிறகு எல்டனை மேலும் கீழும் அளந்தாள்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காரு? நம்ம குடும்பத்துது நிரந்தரமா வாங்கினது, தோன்யா. எங்க தாத்தா காலத்துது. உங்களுக்கு ஒரு எடம் எப்பவோ ஒதுக்கிட்டேன், கேக்கணும்னு இருந்தேன். இவரையும் வெச்சுக்கலாம். என்ன, ஆளு நீளம். காலைக் கொஞ்சம் மடக்கணும்."

"அவருக்கு முழங்கால் மடங்காதே" என்றாள் நோரீன்.

"அப்ப மடங்கும்" என்றாள் ரெமெதியோஸ்.

இதையும் நோரீன் அப்படியே மொழிபெயர்த்தாள். எல்டன் மனைவியைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது. ஆனால் நன்றி கொஞ்சம்தான். மீதி எல்லாம், இதையும் அவளே வாங்கிவிட்டாளே என்பது. கல்லில் என்ன பொறிப்பார்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

"ஊருக்குத் தெரிஞ்சதைத்தான் பொறிப்பாங்க" என்றாள் ரெமெதியோஸ். "தோன்யா நோரா. கீழ, வீட்டுக்காரரு."

அங்கிருந்தே மகளுக்குப் போன் செய்தார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"பெத், எடம் கிடைச்சாச்சு. நிரந்தரம்."

"நெசமாவாப்பா? எப்படி?"

"அம்மா மூலமா" என்று சொல்லிவிட்டு, சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

வெய்ன் அவ்வளவையும் கேட்டுக்கொண்டு நின்றார். மறுநாள் விடிந்ததும் அவர் ரெமெதியோஸ் கடையில் சொந்தக் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் முடிவதற்குள் பேரவை உறுப்பினர்கள் பதினோரு பேர் சந்தையில் கள்ளி இலை சீவிக்கொண்டிருந்தார்கள். கர்னல் இதை வன்மையாகக் கண்டித்துவிட்டு, இலைக்கு எத்தனை முள் என்று என்னிடம் தனியாக விசாரித்தார்.

நானும் ஒரு நாள் போனேன். பதிவுக்காகத்தான். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, ஒரு கிலோ தக்காளி வாங்கிக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் ரெமெதியோஸிடம் கேட்டேன். அவர்கள் குடும்பக் கல்லறையில் இன்னும் ஒருவருக்கு, ஓரமாக இருந்தாலும் பரவாயில்லை, இடம் இருக்குமா என்று.

அவள் தராசிலிருந்து நிமிர்ந்து என்னை நன்றாகப் பார்த்தாள்.

"நீங்க யாரு?" என்றாள்.

பதினோரு வருடமாக அவளிடம்தான் நான் தக்காளி வாங்குகிறேன்.